ஆபீஸ்ல ஆண்-பெண் சமத்துவப் பாலிசி போடப்போறீங்களா? நான் பண்ண தப்பு வரிசைய நீங்க பண்ணாதீங்க

நான் கோயமுத்தூர்ல ஒரு சின்ன ஐடி சர்வீஸ் கம்பெனில ஹெச்ஆர். போர்டுலதான் ஹெச்ஆர், ஆனா பிஎஃப், ஈஎஸ்ஐ, சம்பளம், ஏசி மெக்கானிக்க கூப்பிடறது, டீத்தூள் தீர்ந்தா வாங்கிட்டு வரச் சொல்றது எல்லாம் என் தலையிலதான். இங்க 52 பேர், சென்னைல ஒரு பிராஞ்ச், அங்க 11 பேர். ஒரு பெரிய க்ளையண்ட் வெண்டர் ஃபார்ம் அனுப்பினாங்க, அதுல ஆண் எத்தனை பெண் எத்தனை, போஷ் கமிட்டி (பாலியல் துன்புறுத்தல் புகார விசாரிக்கற குழு) இருக்கா, சம்பள வித்தியாசம் பார்த்திருக்கீங்களா, க்ரெச் (குழந்தைங்க காப்பகம்) இருக்கான்னு 40 கேள்வி. எங்க எம்டி "ஏம்மா, நெட்ல ஒரு பாலிசி இருக்கும்ல, எடுத்து நம்ம பேர் போட்டு அனுப்பிரு"ன்னார். நானும் அப்படியே பண்ணேன். பதினாலாவது பக்கத்துல வேற ஒரு கம்பெனி பேரு அப்படியே கிடந்திருக்கு, நான் பார்க்கல, க்ளையண்ட் பார்த்துட்டாங்க. அந்த மெயில எம்டி எனக்கு ஃபார்வர்ட் பண்ணப்ப ஒரு வார்த்தை கூட எழுதல, அதுதான் ரொம்ப வலிச்சுது.

அதுக்கப்புறம் ஒழுங்கா பண்றேன்னு இறங்கி ஏழு மாசம் ஆச்சு. அதுல மூணு மாசம் வீண், ஏன்னா எல்லாத்தையும் தலைகீழா பண்ணேன். பாலிசிய முதல்ல எழுதினேன், கமிட்டிய கடைசில போட்டேன், சம்பள ஷீட்ட திறக்கவே இல்ல. இப்ப சொல்ற வரிசைல பண்ணீங்கன்னா ரெண்டு ரெண்டரை மாசத்துல முடிச்சிரலாம். 10 பேர்ல இருந்து 100 பேர் வரைக்கும் இருக்கற கம்பெனிகளுக்கு எழுதறேன், பெரிய கம்பெனில இதுக்குன்னே தனி ஆள் இருப்பாங்க.

1. முதல்ல தலைய எண்ணுங்க

எக்செல்ல ஒரு ஷீட் போடுங்க. பேரோல்ல இருக்கறவங்க மட்டும் இல்ல, கான்ட்ராக்ட்ல வர்ற செக்யூரிட்டி அண்ணன், ஹவுஸ்கீப்பிங் அக்கா, ட்ரெய்னி, இன்டர்ன், ப்ரொபேஷன்ல இருக்கறவங்க எல்லாரையும் போடுங்க. போஷ் சட்டத்துல, அதாவது பணியிடத்துல பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013 சட்டத்துல, ஊழியர்ங்கற வார்த்தைக்குள்ள இவங்க எல்லாரும் வர்றாங்க. "எங்க ரோல்ல ஒம்போது பேர்தான், கமிட்டி தேவையில்ல"ன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேர் கான்ட்ராக்ட் ஆளுங்கள எண்ணாம விட்டிருப்பாங்க.

ரெண்டு நம்பர் ஞாபகம் இருந்தா போதும். 10 பேர் இருந்தா உள்ளகக் கமிட்டி, அதாவது அந்த போஷ் கமிட்டி, கட்டாயம். 50 பேர் இருந்தா க்ரெச் வசதி கட்டாயம். இந்த 50 பொம்பளைங்க எண்ணிக்கை இல்ல, ஆம்பளைங்களையும் சேர்த்து மொத்த எண்ணிக்கை. நான் இதை தப்பா படிச்சு "எங்ககிட்ட பெண்கள் 19 பேர்தான், பொருந்தாது"ன்னு ஃபார்ம்ல எழுதி அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்துச்சு.

ஷீட்ல ஆண், பெண், திருநர்னு மூணு காலம், அதாவது நெடுவரிசை, வைங்க. கம்பெனிகளோட வருஷாந்தர ரிப்போர்ட் ஃபைலிங்ல இப்ப இந்த மூணு எண்ணிக்கையும் கேக்கறாங்க, அப்ப ஆடிட்டர் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணுவார். யாரு எந்த காலம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, அவங்கவங்களையே நிரப்பச் சொல்லுங்க.

இதுக்கு ஆகற நேரம் ரெண்டு நாள். செலவு ஒண்ணும் இல்ல.

2. சம்பள ஷீட்ட திறங்க (இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுவாங்க)

இது எங்களுக்கு ரொம்ப சங்கடமா இருந்த வேலை, ஆனா உருப்படியா நடந்ததும் இதுதான். அதே ஷீட்ல பேர மறைச்சுட்டு இந்த காலம் மட்டும் வைங்க: என்ன வேலை, சேர்ந்த தேதி, சேர்றப்ப அனுபவம், சேர்ந்தப்ப சம்பளம், இப்ப சம்பளம், கடைசி இன்கிரிமென்ட் தேதி, ஆணா பெண்ணா. அப்புறம் வேலை வாரியா சார்ட் பண்ணுங்க.

டெஸ்டிங் டீம்ல ரெண்டு பேர், ஒரே மாசத்துல சேர்ந்தவங்க, ரெண்டு பேருக்கும் ரெண்டு வருஷ அனுபவம். ஒருத்தருக்கு 34,000, இன்னொருத்தருக்கு 28,500. யாரு ஆண் யாரு பெண்ணுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏன்னு தோண்டிப் பார்த்தா, இன்டர்வியூல "முன்னாடி கம்பெனில எவ்ளோ"ன்னு கேட்டு அதுக்கு மேல 20 சதவீதம் போட்டிருக்கோம். அந்தப் பொண்ணு முன்னாடி கம்பெனிலயே கம்மியா வாங்கிட்டு இருந்திருக்கா, அந்தக் குறை அவ கூடவே இங்கயும் வந்துடுச்சு. இதை நாங்க யாரும் திட்டம் போட்டு பண்ணல. எம்டியும் அதையேதான் சொன்னார், "வேணும்னு பண்ணலமா"ன்னு. நான் "தெரியும் சார், ஷீட்டுக்கு அது தெரியாதே"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் லேப்டாப்ப தன் பக்கம் திருப்பிக்கிட்டார்.

இன்னொண்ணு கடைசி இன்கிரிமென்ட் தேதில மாட்டுச்சு. பிரசவ லீவுல இருந்த ரெண்டு பேருக்கு அந்த வருஷ ஏப்ரல் இன்கிரிமென்ட் வரவே இல்ல. அப்ரைசல் ஃபார்ம் நிரப்ப ஆள் இல்லன்னு விட்டுட்டாங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு, அடுத்த வருஷம் பழைய சம்பளத்து மேலயே கணக்கு போட்டாச்சு. உங்க ஆபீஸ்ல இந்த ஒரு காலத்தை மட்டுமாவது பாருங்க, கண்டிப்பா ஏதாவது மாட்டும்.

ஒரே வேலைக்கோ, ஒரே மாதிரி வேலைக்கோ ஆண்-பெண்ணுன்னு பார்த்து சம்பள வித்தியாசம் வைக்கக் கூடாதுன்னு முன்னாடி 1976 சம ஊதியச் சட்டம் இருந்துச்சு, இப்ப அது ஊதியக் கோட் 2019-க்குள்ள வந்துடுச்சு, 2025 நவம்பர் 21-ல இருந்து அமல்ல இருக்கு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி, சமன் பண்றேன்னு சொல்லி யாரோட சம்பளத்தையும் குறைக்கக் கூடாதுங்கறது. எங்க அக்கவுண்டன்ட் அண்ணன் முதல்ல கேட்டதே அதுதான், "அந்தப் பையனுக்கு இன்கிரிமென்ட் நிறுத்திட்டா சமமாயிடும்ல"ன்னு. அந்தப் புத்திசாலித்தனமெல்லாம் வேணாம், கம்மியா வாங்கறவங்களத்தான் ஏத்தணும்.

எங்களுக்கு ஏழு பேர் சம்பளத்த ஏத்த மாசம் 31,000 ரூபாய் கூடுதலா ஆச்சு. ஒரே தடவை முடியலன்னா ரெண்டு தவணையா பண்ணுங்க, ஆனா தேதி போட்டு எழுத்துல வாங்கிடுங்க. எம்டிகிட்ட இதைப் பேச நல்ல நேரம் பிப்ரவரி, ஏப்ரல் இன்கிரிமென்ட் பட்ஜெட் போடறதுக்கு முன்னாடி. மார்ச் கடைசில போய் நின்னா "அடுத்த வருஷம்"தான் பதில்.

அப்படியே வேலைக்கு விண்ணப்பிக்கற ஃபார்மையும் எடுத்துப் பாருங்க. எங்களோடதுல "கணவர் பெயர்", "திருமணம் ஆனவரா", "குழந்தைகள் எத்தனை"ன்னு மூணு வரி இருந்துச்சு, எவனோ 2011-ல அடிச்ச ஃபார்ம். மூணையும் எடுத்தாச்சு. கூடவே "தற்போதைய சம்பளம்"ங்கற வரியையும் எடுத்தோம், இதை எடுக்கணும்னு சட்டம் எதுவும் சொல்லல, ஆனா எங்க பிரச்சனை அங்கதான் ஆரம்பிச்சுது. இப்ப வேலைக்கு இவ்ளோல இருந்து இவ்ளோ வரைக்கும்னு முன்னாடியே ஒரு ரேஞ்ச் போட்டுட்டுத்தான் ஆள் தேடறோம்.

3. கமிட்டி ஆர்டர்

பாலிசிக்கு முன்னாடி இது. ஏன்னா பாலிசில கமிட்டி ஆளுங்க பேரும் போன் நம்பரும் வரணும், கமிட்டியே இல்லாம பாலிசி எழுதினா அங்கங்க புள்ளி வெச்சுட்டு உக்காந்திருப்பீங்க, நான் உக்காந்திருந்தேன்.

இந்தக் கமிட்டிய நிறைய பேர் இன்னும் ஐசிசின்னு சொல்வாங்க, எங்க எம்டி "கிரிக்கெட்டா"ன்னு கேட்டார். இப்ப சட்டத்துல வெறும் ஐசிதான், உள்ளகக் கமிட்டி. யார் யார் வேணும்னா, தலைவியா சீனியர் லெவல்ல இருக்கற ஒரு பெண் ஊழியர், ஊழியர்கள்ல இருந்து கொறஞ்சது ரெண்டு பேர், வெளியில இருந்து ஒருத்தர். மொத்தத்துல பாதிக்குக் குறையாம பெண்கள் இருக்கணும். பதவிக்காலம் அதிகபட்சம் 3 வருஷம்.

மாட்டிக்கற இடங்கள்:

பிராஞ்ச் தனியா இருந்தா தனி கமிட்டி. சென்னைல 11 பேர்தானே, கோயமுத்தூர் கமிட்டியே பார்த்துக்கும்னு நினைச்சேன். அப்படி முடியாது, ஒவ்வொரு ஆபீஸ்லயும் வைக்கணும். சென்னைல சீனியர் லேடி யாரும் இல்ல, அந்த மாதிரி இருந்தா வேற ஆபீஸ்ல இருந்து தலைவிய போட சட்டமே இடம் குடுக்குது, அதனால எங்க டெலிவரி மேனேஜர் அக்காவே ரெண்டுக்கும் தலைவி.

முதலாளி வீட்டம்மாவ தலைவியா போடாதீங்க. நிறைய குடும்பக் கம்பெனில இதைத்தான் பண்றாங்க, பேப்பர்ல அவங்களும் ஊழியரா இருக்கலாம், ஆனா எந்தப் பொண்ணு போய் முதலாளியம்மாகிட்ட அவங்க மச்சினர் மேல புகார் குடுப்பா? அதே மாதிரி ஹெச்ஆர் தலைவியா இருக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லல, ஆனா நான் வேணாம்னு சொல்லிட்டேன். சம்பளம் போடறதும் நான், வார்னிங் லெட்டர் அடிக்கறதும் நான், விசாரிக்கறதும் நானேன்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க.

வெளி உறுப்பினர்தான் பெரிய தலைவலி. பெண்கள் நலனுக்காக வேலை செய்யற ஒரு அமைப்புல இருந்தோ, இந்தப் பிரச்சனைகள்ல பழக்கம் உள்ளவங்களாவோ இருக்கணும். விதில இவங்களுக்கு உக்கார்ற நாளுக்கு 200 ரூபாயும் போக்குவரத்துச் செலவும்னு போட்டிருக்கு. நான் வெகுளியா அதைப் படிச்சுக் காட்டி ஒரு வக்கீல் மேடத்துகிட்ட கேட்டேன், ரொம்ப நேரம் சிரிச்சாங்க. 200 விதில இருக்கற தொகை, வெளில அந்தக் காசுக்கு ஆள் கிடைக்காது. எங்களுக்கு கடைசில பேசி முடிச்சது வருஷத்துக்கு 15,000, அதுல ரெண்டு மீட்டிங், ஒரு ட்ரெய்னிங், விசாரணை வந்தா தனி. சென்னைக்கு ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து ஒரு அம்மா வர்றாங்க, அவங்க பயணச் செலவு மட்டும் வாங்கிக்கறாங்க. "சர்டிபிகேட்டோட மூணு நாள்ல ஆள் தர்றோம்"னு வர்ற போன் காலுக்கெல்லாம் காசு கட்டாதீங்க, அந்த ஆள் 60 கம்பெனில உறுப்பினரா இருப்பாரு, புகார் வர்ற அன்னைக்கு போன் எடுக்க மாட்டாரு.

தேவையான பேப்பர்: லெட்டர்ஹெட்ல எம்டி கையெழுத்தோட ஆர்டர், ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதக் கடிதம், வெளி உறுப்பினரோட பயோடேட்டா. ஆர்டர்ல தேதி இல்லாம விட்டுடாதீங்க, 3 வருஷம் அந்தத் தேதில இருந்துதான் ஓடும். ஆள் தேடறதுக்கே எங்களுக்கு அஞ்சு வாரம் ஆச்சு, அதனால முதல் வாரத்துலயே தேட ஆரம்பிச்சிடுங்க.

4. இப்ப பாலிசி எழுதுங்க, தமிழ்லயும் எழுதுங்க

நெட்ல எடுக்கறது தப்பில்ல, ஆனா எடுத்தா உங்க ஆபீசுக்கு மாத்துங்க. எங்க முதல் பாலிசி 31 பக்கம், நானே முழுசா படிக்கல. இப்ப இருக்கறது 7 பக்கம். எது துன்புறுத்தல், எங்கெல்லாம் பொருந்தும், யார்கிட்ட சொல்லணும், சொன்னதுக்கப்புறம் என்ன நடக்கும், இவ்ளோதான். "எங்கெல்லாம்"ங்கறதுல ஆபீஸ் கேப், க்ளையண்ட் ஆபீஸ், டீம் அவுட்டிங் போன ஊட்டி ரெசார்ட், வீட்ல இருந்து வேலை பார்க்கறப்ப வர்ற வீடியோ கால், டீம் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்தையும் பேர் சொல்லியே எழுதினோம். பொதுவா எழுதினா "அது ஆபீஸ் நேரத்துல இல்லயே"ன்னு ஆரம்பிப்பாங்க.

தமிழ் பிரதிய ஹவுஸ்கீப்பிங் அக்கா மூணு பேருக்கும் கேன்டீன்ல உக்கார வெச்சு வாசிச்சுக் காட்டினேன். கையெழுத்து வாங்க மட்டும் நினைச்சுத்தான் போனேன், 20 நிமிஷத்துல முடிய வேண்டியது ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. ஒரு அக்கா "மேல் மாடி பாத்ரூமுக்கு தாழ்ப்பா இல்ல கண்ணு, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளில நிக்கறோம்"னாங்க. ரெண்டு வருஷமா இந்த பில்டிங்ல இருக்கேன், எனக்குத் தெரியாது. தாழ்ப்பாளுக்கு 85 ரூபாய் ஆச்சு.

பாலிசிலயே சேர்த்து எழுத வேண்டிய இன்னொண்ணு, பிரசவ லீவுல இருக்கறவங்களுக்கும் இன்கிரிமென்ட் உண்டுங்கற வரி. ரெண்டாவது படில பட்ட பாடு.

எல்லாரும் கையெழுத்து போட்ட ஷீட்ட பத்திரமா வைங்க. புதுசா சேர்றவங்களுக்கு ஆஃபர் லெட்டரோடயே குடுத்துடுங்க.

5. நோட்டீஸ் ஒட்டறது, போர்ட்டல்ல ஏத்தறது

கமிட்டி ஆர்டரையும், தப்பு பண்ணா என்ன தண்டனைன்னும் எல்லார் கண்ணுலயும் படற இடத்துல ஒட்டணும். நான் முதல்ல லேடீஸ் டாய்லெட் உள்ள மட்டும் ஒட்டினேன், கூச்சம்தான் காரணம். வெளி உறுப்பினர் மேடம் பார்த்துட்டு "படிக்க வேண்டியவங்க உள்ள வர மாட்டாங்களேம்மா"ன்னாங்க. இப்ப பஞ்சிங் மெஷின் பக்கத்துல இருக்கு.

அப்புறம் ஷீ-பாக்ஸ்னு மத்திய அரசு போர்ட்டல், அதுல கமிட்டி விவரத்த ஏத்தணும். காசு கிடையாது. கம்பெனி பான், ஹெட் ஆபீஸ் விவரம், கமிட்டி ஆளுங்களோட மெயில், போன் எல்லாம் கையில வெச்சுக்கிட்டு உக்காருங்க. உங்க பர்சனல் மெயில் ஐடிய குடுக்காதீங்க, நீங்க வேலைய விட்டுப் போனா அடுத்து வர்றவங்க கதறுவாங்க. கமிட்டிக்குன்னு பொதுவா ஒரு ஐடி போடுங்க, அது எம்டி இன்பாக்ஸ்ல போய் விழாம பார்த்துக்கங்க.

கமிட்டியே அமைக்காம இருந்தா அபராதம் 50,000 ரூபாய் வரைக்கும், திரும்பப் பண்ணா ரெட்டிப்பு, லைசென்ஸ் ரத்து வரைக்கும் போகலாம். எம்டிய நகர வைக்க இந்த ஒரு வரி உதவும்.

6. பிரசவ லீவும் க்ரெச்சும்

1961 மகப்பேறு சட்டம் இப்ப சமூகப் பாதுகாப்புக் கோட் 2020-க்குள்ள போயிருக்கு, ஆனா கணக்கு மாறல. முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், அதுல பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம் எடுத்துக்கலாம். ஏற்கனவே ரெண்டு குழந்தை இருந்தா 12 வாரம். குழந்தைய தத்து எடுத்தா 12 வாரம். கரு கலைஞ்சா 6 வாரம், இது நிறைய ஹெச்ஆருக்கே தெரியாது, சிக் லீவுல கழிச்சிடறாங்க. தகுதிக்கு, முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும். ப்ரொபேஷன், கான்ட்ராக்ட்னு சொல்லி மறுக்க முடியாது.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஒரு வருஷம் குடுக்கறாங்க, அதைப் பேப்பர்ல பார்த்துட்டு நம்ம ஆபீஸ்லயும் கேப்பாங்க, எம்டியும் பயந்துருவார். தனியாருக்கு 26 வாரம்தான்னு ரெண்டு பக்கமும் சொல்லிடுங்க.

காசு யாரு குடுக்கறாங்கங்கறதுதான் முக்கியம். மாச சம்பளம் 21,000 வரைக்கும் இருந்து ஈஎஸ்ஐல இருந்தா ஈஎஸ்ஐ குடுக்கும், முந்தின ரெண்டு கான்ட்ரிபியூஷன் பீரியட்ல (ஈஎஸ்ஐ பணம் கட்டற ஆறு மாசக் கணக்கு) 70 நாளாவது பணம் கட்டியிருக்கணும். அதுக்கு மேல சம்பளம் வாங்கறவங்களுக்கு கம்பெனி. 26 வாரம்னா ஞாயித்துக்கிழமை, லீவு நாள் எல்லாம் சேர்த்து 182 நாள், முந்தின மூணு மாச சராசரி தினச் சம்பளத்துல கணக்கு. ஞாயித்துக்கிழமைய கழிச்சுட்டு 156 நாளுக்குக் காசு போட்ட ஒரு கம்பெனி எனக்குத் தெரியும், அப்புறம் வட்டியும் முதலுமா திட்டு வாங்கினாங்க. பிரசவத்துக்கு முன்னாடி உள்ள காலத்துக்கான பணத்த கர்ப்பச் சான்று குடுத்ததும் முன்கூட்டியே குடுக்கணும், மீதிய குழந்தை பொறந்த சான்று குடுத்து 48 மணி நேரத்துக்குள்ள. கம்பெனியே பிரசவத்துக்கு முன்னாடி பின்னாடி இலவச மருத்துவம் பார்க்கலன்னா 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் தனி.

வாங்க வேண்டிய பேப்பர் எழுத்துல ஒரு நோட்டீஸ், டாக்டர் சான்று, பணத்தை யார்கிட்ட குடுக்கணும்ங்கற நாமினி விவரம், அவ்ளோதான். ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் கேட்டு வாங்கி ஃபைல் பண்ணாதீங்க, உங்களுக்கு எதுக்கு அது. வேலைல சேர்றப்பவே இந்த உரிமை எல்லாம் இருக்குன்னு எழுத்துல தெரிவிக்கணும், ஆஃபர் லெட்டர்ல ஒரு பத்தி சேர்த்துடுங்க.

க்ரெச்சுக்கு ஆபீஸ்லயே தொட்டில் கட்டணும்னு இல்ல. எங்க தெருவுல இருந்து நடக்கற தூரத்துல ஒரு ப்ளே ஸ்கூல், அவங்களோட ஒரு எழுத்து ஒப்பந்தம் போட்டோம். ஒரு குழந்தைக்கு மாசம் 5,500, இப்ப மூணு குழந்தைங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை அம்மா போய் பார்த்துட்டு வரலாம், இதை டீம் லீட்கிட்ட எழுத்துல சொல்லிடுங்க, இல்லன்னா மூணாவது தடவை எந்திரிக்கறப்ப மூஞ்சிய சுளிப்பாங்க. மூணுல ஒரு குழந்தை எங்க நெட்வொர்க் டீம் அண்ணனோடது. அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரில நர்ஸ், அதனால அப்பாதான் கூட்டிட்டு வர்றாரு. சட்டம் அம்மாவுக்குத்தான் சொல்லுது, நாங்க "ஊழியர்"னு போட்டோம்.

தனியார்ல அப்பாக்களுக்கு லீவு குடுக்கணும்னு சட்டம் இல்ல. நாங்க சம்பளத்தோட 10 நாள் வெச்சோம். இதுக்கு எம்டிகிட்ட நான் வெச்ச வாதம் கணக்குதான், கர்ணன் மாதிரி அள்ளிக் குடுங்கன்னு கேக்கல. லீவு எடுக்கறது பொம்பளைங்க மட்டும்னு இருக்கற வரைக்கும், புதுசா கல்யாணம் ஆன பொண்ணு இன்டர்வியூக்கு வந்தா மேனேஜருக்கு வயித்தக் கலக்கத்தான் செய்யும்.

7. ராத்திரி வேலை, கேப், உக்கார்ற நாற்காலி

ராத்திரி ஷிஃப்ட்டுக்கு பெண்கள் வரலாம், ஆனா அவங்க சம்மதம் வேணும், எழுத்துல வாங்குங்க. எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்ல மொத்தமா கையெழுத்து வாங்காதீங்க, தனித்தனியா வாங்குங்க, "எப்ப வேணா வாபஸ் வாங்கலாம்"னு ஒரு வரி சேருங்க. போக்குவரத்து உங்க பொறுப்பு. எங்க விதி, கேப்ல கடைசியா இறங்கறது பொண்ணா இருக்கக் கூடாது, அப்படி ஆனா கூட செக்யூரிட்டி போகணும். டிரைவர் பேரு, லைசென்ஸ், வண்டி நம்பர் ரிஜிஸ்டர் வைங்க. அதே சமயம் "ராத்திரி வேணாம், ரிஸ்க்"னு சொல்லி பொண்ணுங்கள அந்த ப்ராஜெக்ட்ல இருந்தே தூக்கிடறதும் தப்புதான், நைட் அலவன்ஸும் ப்ரமோஷனும் அந்த ப்ராஜெக்ட்லதான் இருக்கும்.

கடை, ஷோரூம் வெச்சிருக்கறவங்க இதைப் படிச்சா, தமிழ்நாட்டுல 2021-ல இருந்து நிக்கற ஊழியர்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு சட்டமே இருக்கு. ஸ்டூல் வாங்கிப் போடுங்க.

8. முதல் புகார் வர்ற அன்னைக்கு

எங்களுக்கு பாலிசி போட்ட நாலாவது மாசம் வந்துச்சு. யாரு, என்ன, எப்படி முடிஞ்சுதுன்னு எழுத மாட்டேன், எழுதவும் கூடாது, வெளில சொன்னா அபராதம் உண்டு. எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்: ராத்திரி 9.40-க்கு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். "இது புகாரா எடுத்துக்கலாமா அக்கா"ன்னு கடைசில ஒரு கேள்வி.

புகார் எழுத்துல இருக்கணும். அதுக்காக "எழுதிக் குடு, அப்புறம் பார்க்கலாம்"னு அனுப்பிடக் கூடாது, எழுத முடியலன்னா எழுத உதவி பண்ண வேண்டியது கமிட்டியோட கடமை. நாங்க அடுத்த நாள் ஆபீஸுக்கு வெளில ஒரு இடத்துல உக்காந்து அவங்க சொல்லச் சொல்ல எழுதினோம், தேதி தேதியா. ஆறு பிரதி வேணும். சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள குடுக்கணும், தொடர்ந்து நடந்திருந்தா கடைசி சம்பவத்துல இருந்து. காரணத்த எழுதி கமிட்டி இன்னும் 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம்.

அப்புறம் ஓடற கடிகாரம் இது: புகார் வந்து 7 வேலை நாளுக்குள்ள எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி, அவர் 10 வேலை நாளுக்குள்ள பதில், 90 நாளுக்குள்ள விசாரணை முடியணும், முடிஞ்சு 10 நாளுக்குள்ள ரிப்போர்ட், ரிப்போர்ட் கைக்கு வந்து 60 நாளுக்குள்ள கம்பெனி நடவடிக்கை. விசாரணைல தலைவியோட சேர்த்து கொறஞ்சது மூணு பேர் உக்காரணும். ரெண்டு பக்கமும் வக்கீல் கூட்டிட்டு வரக் கூடாது.

இந்த நேரத்துல நீங்க பண்ணக் கூடாதது, அந்த ஆள தனியா கூப்பிட்டு "சும்மா பேசிப் பார்க்கறேன்"ங்கறது. நல்ல மனசோடதான் பண்ணுவீங்க, ஆனா சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் பூரா தெரிஞ்சிரும். அப்புறம் புகார் குடுத்தவங்கள "கொஞ்ச நாள் வீட்ல இருந்து வேலை பாரேன்"ங்கறது. அவங்க கேட்டா கமிட்டி பரிந்துரைச்சு 3 மாசம் வரைக்கும் லீவோ, இடமாற்றமோ குடுக்கலாம், அந்த லீவு அவங்க கணக்குல கழியக் கூடாது. நீங்களா தள்ளக் கூடாது. சமரசமும் அவங்க கேட்டா மட்டும்தான், அதுலயும் பணம் குடுத்து முடிக்கறது கிடையாது.

ஒவ்வொரு உக்காரலுக்கும் மினிட்ஸ் எழுதி அன்னைக்கே கையெழுத்து வாங்கிடுங்க. ஃபைல் தலைவியோட பூட்டுல இருக்கணும், ஷேர்டு டிரைவ்ல போடாதீங்க. நான் போட்டேன், 20 நிமிஷம்தான் இருந்துச்சு, அந்த 20 நிமிஷத்த நினைச்சா இன்னும் வயித்துல புளியக் கரைக்குது.

9. வருஷக் கணக்கு

போஷ் வருஷ ரிப்போர்ட் காலண்டர் வருஷத்துக்கு, நிதியாண்டுக்கு இல்ல. எத்தனை புகார் வந்துச்சு, எத்தனை முடிஞ்சுது, 90 நாள் தாண்டி எத்தனை நிக்குது, எத்தனை பயிற்சி நடத்தினீங்க, என்ன நடவடிக்கைன்னு இருக்கும். ஜனவரி மாசத்துலயே முடிச்சு கம்பெனிக்கு ஒண்ணு, மாவட்ட அதிகாரிக்கு ஒண்ணு அனுப்பிடுங்க, பிராஞ்ச் இருந்தா அந்த மாவட்டத்துக்கும். புகாரே வரலன்னாலும் சைபர்னு போட்டு அனுப்பணும். நேர்ல குடுத்தா உங்க பிரதில சீல் வாங்குங்க, தபால்னா ரிஜிஸ்டர் போஸ்ட் ரசீது. நான் சாதா தபால்ல அனுப்பிட்டு மூணு மாசம் கழிச்சு ஆதாரம் கேட்டப்ப முழிச்சேன்.

கம்பெனியா பதிவானவங்க டைரக்டர் போர்டு ரிப்போர்ட்லயும் இதைச் சொல்லணும். 2025 ஜூலை 14-ல இருந்து புகார் எண்ணிக்கைய தனித்தனியா கேக்கறாங்க, மகப்பேறு சட்டத்த பின்பற்றறோம்னும் எழுதணும். ஆடிட்டருக்கு மே மாசமே விவரத்த அனுப்பிடுங்க.

மொத்தச் செலவு எங்களுக்கு முதல் வருஷம், சம்பளத்த சமன் பண்ணதத் தவிர்த்து, வெளி உறுப்பினர், ட்ரெய்னிங், க்ரெச், பிரிண்டிங் எல்லாம் சேர்த்து ரெண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ, அதுல முக்கால்வாசிக்கு மேல க்ரெச். அந்த க்ளையண்ட் ஃபார்ம திரும்ப அனுப்பினப்ப 40 கேள்வில 36-க்கு "ஆம்" போட முடிஞ்சுது. மீதி நாலுல ஒண்ணு, மேனேஜர் லெவல்ல எத்தனை பெண்கள்ங்கறது. 9 பேர்ல ஒருத்தர், அதே டெலிவரி மேனேஜர் அக்கா. அவங்களத்தான் ரெண்டு கமிட்டிக்கும் தலைவியா போட்டு வெச்சிருக்கோம், போன வாரம் "எனக்கு ப்ராஜெக்ட் வேலையும் இருக்குல்ல"ன்னு கேட்டாங்க. ஏப்ரல் ப்ரமோஷன் லிஸ்ட் இப்ப என் டேபிள்லதான் இருக்கு.